முகமும் குரலும்

நுழையும்முன்

ஒருவருக்குப் பல திறன்கள் வாய்க்கலாம். அவற்றுள் எதை வாழ்நாள் முழுதும் வளர்ப்பது, எதை விட்டுவிடுவது என்பதைச் சூழலோடு தேர்வும் உழைப்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. வெண்திரையில் நாயகியாகப் புகழ்பெற்று, அப்புகழின் உச்சியிலேயே நடிப்பை விடுத்து, இசை ஒன்றையே வாழ்வாகக் கொண்டு உலக அரங்குகளை அடைந்த மதுரைக் கலைஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தாளில் பதிந்த முகங்கள்

விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி வட்டாரம் வானம்பார்த்த பூமி. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. அச்சங்குளம் முதலான சிற்றூர்களில் வாழும் மக்களுக்கு மானாவாரி வேளாண்மைக்கு அடுத்து வாழ்வளிப்பவை தீப்பெட்டியும் பட்டாசும் ஆகும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழில் வளர்ந்தது. அவற்றுக்கு முகப்புத்தாள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழிலும் அங்கு வேரூன்றியது.

அம்முகப்புத்தாள்களிலும் நாட்காட்டிகளிலும் தெய்வங்கள், பறவைகள், தலைவர்கள் ஆகியோரின் உருவங்களோடு திரைநாயகியரின் முகங்களும் பல வண்ணங்களில் அச்சேறின. தீபாவளியன்று திரி பற்றியதும் அந்த முகம் சிறு துணுக்குகளாகித் தெருவில் கிடக்கும். நாட்காட்டியில் உள்ள முகமோ ஆண்டு முடிந்ததும் சுவரைவிட்டு இறங்கிவிடும். ஆனால், அதே ஊர்களின் கோயில் ஒலிபெருக்கிகளில் விடியற்காலையில் எழும் ஒரு பெண்குரல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறவில்லை. மார்கழிக் குளிரில் வாசல் தெளிப்பவரும், வேலைக்குச் செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்பவரும் அக்குரலைக் கேட்டே பொழுதைத் தொடங்குகின்றனர். அதற்கு உரியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவரும் ஒரு காலத்தில் தமிழகம் கொண்டாடிய திரைநாயகியே என்பதை இன்றைய தலைமுறையினர் பலர் அறியார்.

மதுரையில் ஒரு வீணை வீடு

சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையில் பிறந்தார். வீட்டில் அவருக்கு வழங்கிய பெயர் குஞ்சம்மா. தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தமையன் சக்திவேல் மிருதங்கமும் தங்கை வடிவாம்பாள் வீணையும் பயின்றனர். மதுரை சண்முகவடிவு என்னும் தாயின் பெயரே பின்னர் 'எம்.எஸ்.' என்னும் ஈரெழுத்துகளாய் அவர் பெயரின் முன் நின்றது.

பள்ளிக்கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆயினும் இசைக்கல்வி இடையறாது தொடர்ந்தது. மதுரை சீனிவாச ஐயங்காரிடம் முறையான பாடம் தொடங்கியது. கோயில் நாகசுரமும், தெருவில் செல்வோர் பாடும் பாட்டும், அண்டை வீட்டு வானொலியில் கேட்ட இந்துத்தானி இசையும் அச்சிறுமிக்கு ஆசிரியராயின. தம்புராவின் சுருதியோடு குரலைச் சேர்த்துப் பாடுவார். பின்னர்த் தந்தியை மீட்டுவதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பாடுவார். மீண்டும் மீட்டி, தம் குரல் சுருதியிலிருந்து விலகாமல் நிற்கிறதா என்று சோதிப்பார். எவரும் வற்புறுத்தாமல் தமக்குத்தாமே ஏற்படுத்திக்கொண்ட இப்பயிற்சி, பின்னாளில் அவருடைய இசையின் தனிச்சிறப்பாகப் போற்றப்பட்ட சுருதித்தூய்மைக்கு அடித்தளமானது.

1926இல், பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே, அவருடைய பாடல் ஒலித்தட்டில் பதிவாயிற்று. பதின்பருவத்தில் சென்னை மியூசிக் அகாதெமியின் மேடை கிடைத்தது. அக்காலத்தில் அம்மேடைகளில் பாடியோருள் பெரும்பாலோர் ஆண்களே.

இங்கு அக்காலச் சமூகநிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக இசையையும் நடனத்தையும் காத்துவந்த குடும்பங்களில் பிறந்த பெண்களின் கலையைச் சமூகம் விரும்பியது. ஆனால், அப்பெண்களுக்கு உரிய மதிப்பை அளிக்கத் தயங்கியது. அவர்களுடைய வாழ்வைப் பிறரே முடிவுசெய்தனர். சுப்புலட்சுமி தமக்கென்று பிறர் வகுத்த வாழ்வை ஏற்க மனமின்றி, 1936இல் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்தார். இருபது வயதை எட்டும் நிலையில், பெயர் அறிந்த சிலரை மட்டுமே நம்பி மேற்கொண்ட அப்பயணம், அவர் தம் வாழ்வில் தாமே எடுத்த முதற்பெரும் முடிவாகும்.

முகமும் குரலும் ஒன்றாயிருந்த காலம்

அவர் சென்னைக்கு வந்தபோது தமிழ்ப் பேசும்படம் ஐந்தாண்டுக் குழந்தை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அக்காலப் படங்கள் நாடகமேடையின் தொடர்ச்சியாகவே அமைந்தன. நாடகத்திலோ பாடத் தெரியாதவருக்கு இடமில்லை. சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாததாஸ் போன்ற மேடைக் கலைஞர்கள் புராண நாடகங்களின் நடுவே விடுதலைப் பாடல்களைப் பாடி மக்களை எழுப்பினர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடும் குரல்வளமே நடிகருக்குரிய முதல் தகுதியாயிற்று.

திரைப்படத்திலும் இதே நிலை நீடித்தது. படப்பிடிப்பின்போதே ஒலியும் பதிவுசெய்யப்பட்டது. ஒளிப்படக் கருவியின்முன் நிற்பவரே ஒலிவாங்கியை நோக்கிப் பாடவும் வேண்டும். ஒருவர் முகத்திற்கு மற்றொருவர் குரலை இணைக்கும் பின்னணிப் பாடல்முறை 1930களின் இறுதியில்தான் தமிழில் அறிமுகமாயிற்று. அது வேரூன்ற மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரையில் திரைக்கு நடிகரைவிடப் பாடகரே மிகுதியாகத் தேவைப்பட்டனர். எம்.கே. தியாகராஜ பாகவதர், எஸ்.ஜி. கிட்டப்பாவின் துணைவியார் கே.பி. சுந்தராம்பாள், ஜி.என். பாலசுப்பிரமணியம் ஆகியோரைத் திரை அழைத்தமைக்கு இதுவே காரணம். சுப்புலட்சுமியும் அவ்வழியிலேயே நடிகையானார்.

நான்கு படங்கள்

அவர் நடித்த படங்கள் நான்கே. முதற்படமான 'சேவாசதனம்' 1938இல் வெளிவந்தது. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் புதினத்தைத் தழுவி, கே. சுப்பிரமணியம் அதனை இயக்கினார். முதியவர் ஒருவருக்கு மணம்செய்து வைக்கப்பட்ட இளம்பெண்ணின் துயரை அப்படம் காட்டியது. புராணக் கதைகளே மிகுந்திருந்த காலத்தில், பொருந்தா மணத்தின் கொடுமையை வெளிப்படையாகப் பேசிய படம் அது. பெண்ணின் வாழ்வைப் பிறர் முடிவுசெய்யும் கொடுமையைச் சுப்புலட்சுமி நன்கறிந்தவர். அத்தகைய கதையிலேயே அவருடைய திரைவாழ்வு தொடங்கியது.

இரண்டாம் படமான 'சகுந்தலை' 1940இல் வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அப்படத்தில், துஷ்யந்தனாக ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார். இசையுலகின் இருபெருங் குரல்கள் ஒரே படத்தில் இணைந்ததைக் காண மக்கள் திரண்டனர். அவ்வாண்டிலேயே, விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவரும் இதழியலாளருமான தி. சதாசிவத்தைச் சுப்புலட்சுமி மணந்தார்.

மூன்றாம் படம் 1941இல் வெளிவந்த 'சாவித்திரி'. இதில் அவர் ஏற்றது பெண்வேடமன்று, நாரதர் வேடம். சதாசிவமும் எழுத்தாளர் கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கவிருந்த 'கல்கி' இதழுக்கு முதல் தேவைப்பட்டது. அதனைத் திரட்டுவதற்காகவே சுப்புலட்சுமி இவ்வேடத்தை ஏற்றார். ஒரு நடிகை பெற்ற ஊதியம் தமிழ் இதழியலின் முதன்மையான வார இதழ் ஒன்றுக்கு வித்தானது.

நான்காவதும் இறுதியுமான படம் 'மீரா'. 1945ஆம் ஆண்டுத் தீபாவளியையொட்டித் தமிழிலும், 1947இல் இந்தியிலும் வெளிவந்தது. இதனையும் டங்கனே இயக்கினார். நாயகியின் முகத்தில் ஒளி எக்கோணத்தில் விழுந்தால் என்ன உணர்வு தோன்றும் என்பதை அறிய, அவருடைய மார்பளவு உருவச்சிலை ஒன்றைச் செய்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் அவர் முன்னதாகவே ஆய்வு நடத்தினார். இராசத்தான், பிருந்தாவனம், துவாரகை ஆகிய இடங்களில் படப்பிடிப்பு நிகழ்ந்தது. எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். பாபநாசம் சிவனும் கல்கியும் பாடல் எழுதினர். இந்திப் படத்தின் தொடக்கத்தில் கவிக்குயில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி, நாயகியை வடஇந்திய மக்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

'மீரா' தமிழகத்துப் பாடகியை இந்தியா முழுமைக்கும் உரியவராக்கியது. அடுத்தடுத்த படங்களுக்கு வாயில் திறந்திருந்தது. அந்நிலையில்தான் அவர் திரையுலகிலிருந்து விலகினார்.

அவரவர் தேர்ந்த பாதை

பின்னணிப் பாடல்முறை வளர்ந்தபோது, ஒன்றாயிருந்த முகமும் குரலும் பிரிந்தன. பாடத் தெரியாதவரும் நாயகியாகலாம். முகம் காட்டாதவரும் பாடகியாகலாம் என்னும் நிலை வந்தது. கலைஞர்கள் தத்தம் பாதையைத் தேர்ந்தெடுக்கவேண்டிய காலம் அது.

கே.பி. சுந்தராம்பாள் இரண்டையும் விடவில்லை. 'நந்தனார்', 'ஔவையார்' ஆகிய படங்களில் நடித்தும் பாடியும் புகழ்பெற்று, 1958இல் சட்டமேலவை உறுப்பினராகவும் அமர்ந்தார். பி. பானுமதி தமக்குரிய பாடல்களைத் தாமே பாடி நடித்ததோடு இயக்குநராகவும் விளங்கினார். டி.கே. பட்டம்மாள் திரைப்படங்களுக்குக் குரல் கொடுத்தார். ஆனால், நடிக்க இசையவில்லை. சுப்புலட்சுமி நடித்துப் புகழ்பெற்றபின் முகத்தைத் திரையிலிருந்து விலக்கிக்கொண்டு, குரலை மட்டும் மேடைக்கு எடுத்துச் சென்றார்.

நடிப்பிலிருந்து பாடலுக்குச் செல்லும் வழி இன்றும் திறந்தே உள்ளது. 2000ஆம் ஆண்டு உலக அழகியாகத் தேர்வுபெற்ற பிரியங்கா சோப்ரா நடித்து வெளிவந்த முதற்படம், 2002இல் வந்த 'தமிழன்' என்னும் தமிழ்ப்படமே. அதில் அவர் ஒரு பாடலும் பாடினார். இந்தித் திரையில் உயர்ந்தபின், 2012, 2013ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கலைஞர்களுடன் இணைந்து ஆங்கிலப் பாப் பாடல்களை வெளியிட்டார். ஆயினும், 2015இல் தொடங்கிய 'குவாண்டிகோ' என்னும் தொலைக்காட்சித் தொடரின் நாயகி வேடமே அவரை அமெரிக்க இல்லங்களுக்கு அறிமுகமாக்கியது. அவரைப் புதிய நாட்டிற்கு அழைத்துச் சென்றது பாடல். அங்கு நிலைபெறச் செய்தது நடிப்பு. சுப்புலட்சுமியின் வாழ்வில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. நடிப்பு அவரை நாடறியச் செய்தது. பாடல் அவரை நிலைபெறச் செய்தது.

முடிவு யாருடையது?

திரையை விட்டு விலகியது முழுக்கமுழுக்கச் சுப்புலட்சுமியின் முடிவு என்று கூறிவிட இயலாது. எப்படத்தில் நடிப்பது, எம்மேடையில் பாடுவது, எப்பாடலோடு தொடங்குவது என்பவற்றில் சதாசிவத்தின் சொல்லே பெரும்பாலும் இறுதியானது. அவருடைய திட்டமிடலும் அயராத உழைப்பும் இல்லாமல் சுப்புலட்சுமி இத்தனை மேடைகளை அடைந்திருக்க முடியாது என்பர் சிலர். தனித்து முடிவெடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிருந்தால் அவருடைய கலை வேறு திசைகளிலும் விரிந்திருக்கும் என்பர் வேறு சிலர். சுப்புலட்சுமியோ தம் உயர்வு அனைத்தையும் கணவருக்கே உரியதாக்கினார். 1997இல் சதாசிவம் மறைந்தபின் அவர் பொதுமேடைகளில் பாடவில்லை.

எனினும், பிறர் முடிவுசெய்ய முடியாத பகுதி ஒன்று இருந்தது. மேடையை ஒருவர் ஏற்பாடு செய்யலாம், பாடலையும் தேர்ந்தெடுக்கலாம். பாடும் கணத்தில் சுருதியோடு நிற்க வேண்டியவர் பாடகர் ஒருவரே. சிறுவயதில் தந்தியை நிறுத்தித் தம் குரலைத் தாமே சோதித்த சுப்புலட்சுமி, அப்பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

அண்ணலின் விருப்பம்

1947ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காந்தியடிகளின் பிறந்தநாள். அதனையொட்டி மீராவின் பாடல் ஒன்றைச் சுப்புலட்சுமி பாடிக் கேட்க அண்ணல் விரும்புவதாகச் சென்னைக்குச் செய்தி வந்தது. அப்பாடல் அவருக்குப் பழக்கமில்லை. நன்கறிந்த வேறொருவரைப் பாடச் செய்யலாம் என்று சதாசிவம் விடையளித்தார். பிறர் பாடக் கேட்பதைவிடச் சுப்புலட்சுமி அதனைப் பேசக் கேட்பதே தமக்கு உவப்பானது என்னும் பொருளில் அண்ணலிடமிருந்து மறுமொழி வந்தது. உடனே அப்பாடல் பயிலப்பட்டது. வானொலி நிலையத்தில் இரவெல்லாம் ஒலிப்பதிவு நடைபெற்றது. மறுநாள் அப்பதிவு வானூர்தியில் தில்லிக்கு அனுப்பப்பட்டது.

1948 சனவரி 30ஆம் நாள் அண்ணல் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை அறிவித்த வானொலி, அதனைத் தொடர்ந்து அதே பாடலை ஒலிபரப்பியது. எதிர்பாராத வேளையில் தம் குரலையே கேட்டுத் தாம் மயங்கி விழுந்ததாகச் சுப்புலட்சுமி பின்னாளில் நினைவுகூர்ந்தார். மகிழ்ச்சிக்காகப் பாடிய பாடல் நாட்டின் துயரைச் சொல்லும் பாடலாயிற்று.

கடல் கடந்த குரல்

1963இல் இசுகாத்துலாந்தின் எடின்பரோ நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கலைவிழாவில் சுப்புலட்சுமி பாடினார். மேலையிசையில் பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களில் ஒலித்து இணையும். நம் இசையிலோ ஒரு குரல், ஒரு சுருதியை நிலைக்களனாகக் கொண்டு, சுரத்தை அசைத்தும் வளைத்தும் இராகத்தின் உருவத்தை வரையும். அங்கிருந்தோருக்குப் பாடலின் மொழியும் இசையின் இலக்கணமும் புதியவை. ஆயினும் தூய சுருதியும் உள்ளம் ஒன்றிய பாவமும் மொழிபெயர்ப்பு இன்றியே அவர்களைச் சென்றடைந்தன.

1966 அக்டோபரில், ஐக்கிய நாடுகள் நாளையொட்டி நியூயார்க்கில் உள்ள பொதுப்பேரவை மண்டபத்தில் அவருடைய இசைநிகழ்ச்சி நடைபெற்றது. ஐ.நா. அவையில் உயர்பொறுப்பிலிருந்த சி.வி. நரசிம்மன் இதற்குத் துணைநின்றார். உலக அமைதியை வேண்டிக் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி இயற்றிய வடமொழிப் பாடலும், இராஜாஜி எழுதிய ஆங்கில வேண்டுதற்பாடலும் அங்கு ஒலித்தன. தொடக்கக்கல்வியோடு பள்ளியை விட்ட மதுரைப் பெண்ணின் குரலை உலக நாடுகளின் பேராளர்கள் அமர்ந்து கேட்டனர். பின்னர் அமெரிக்காவின் கார்னகி அரங்கிலும், 1982இல் இலண்டனிலும், 1987இல் மாசுகோவிலும் நடைபெற்ற விழாக்களிலும் அவர் பாடினார்.

இத்தனை நாடுகளுக்குச் சென்றபோதும் அவர் தம் இசையின் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. பட்டுச்சேலை, நெற்றித்திலகம், தம்புரா, வயலின், மிருதங்கம் என்னும் மதுரை மேடையின் தோற்றமே எங்கும் காட்சியளித்தது. அவர் விரும்பி உடுத்திய நீலநிறம் 'எம்.எஸ். நீலம்' என்றே பட்டுக்கடைகளில் பெயர்பெற்றது.

சொல்லுக்குச் சொல் பயிற்சி

அவருடைய குரல் இயற்கையின் கொடை என்று பலர் கூறுவர். கொடை உண்மையே, ஆனால் அதனைக் காத்தது பயிற்சி. செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் நெடுங்காலம் பயின்றார். இந்துத்தானி இசையைப் பண்டித நாராயணராவ் வியாசிடமும் சித்தேசுவரி தேவியிடமும் கற்றார். உலகம் போற்றும் நிலையை அடைந்தபின்னும் மாணவராக அமர்ந்து கற்பதற்கு அவர் நாணவில்லை.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வடமொழி, இந்தி, வங்கம், மராத்தி, குசராத்தி எனப் பல மொழிகளில் பாடினார். தாம் பேசாத மொழியின் பாடலையும் பொருளறிந்த பின்னரே மேடையேற்றினார். சொற்களின் ஒலிப்பை அம்மொழி அறிஞரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். தெலுங்குக் கீர்த்தனைகளே மேடைகளை நிறைத்திருந்த 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, தமிழ்ப்பாடல்களை மேடைதோறும் பாடி அதற்கு வலுச்சேர்த்தார்.

பெற்றதும் கொடுத்ததும்

1963இல் வெளிவந்த 'வேங்கடேச சுப்ரபாதம்' ஒலித்தட்டே நாம் தொடக்கத்தில் கண்ட விடியற்காலைக் குரலாகும். அதன் உரிமத்தொகையைத் திருமலை திருப்பதித் தேவத்தானம் நடத்தும் வேதபாடசாலைக்கு அவர் அளித்தார். மருத்துவமனை, பள்ளி, நூலகம், நினைவு நிதி எனப் பொதுப்பணிகளுக்குப் பொருள்திரட்டவென்றே இருநூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடிய கச்சேரிகள் அவற்றுள் அடங்கும். மகசேசே விருது, இசைக்கலைஞர் என்பதற்காக மட்டுமல்லாமல் பொதுத்தொண்டுக்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசுத்தொகையும் அறப்பணிகளுக்கே சென்றது.

கொடுத்துக் கொடுத்தே கைப்பொருள் குறைந்தது. பெருந்தோட்டத்தோடு கூடிய வீட்டை விட்டு எளிய இல்லத்திற்கு அவர்கள் மாறவேண்டியதாயிற்று. அவருக்கு உதவ விரும்பிய திருப்பதித் தேவத்தானம், நன்கொடையாக அளித்தால் ஏற்கமாட்டார் என்பதை அறிந்து, பாடல்களைப் பதிவுசெய்யும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. அவ்வாறு உருவானதே 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்னும் இசைத்தொகுப்பு. அறுபது வயதைக் கடந்தபின், புதிதாகக் கற்கவேண்டியிருந்த பாடல்களைப் பயின்று அவர் அதனைப் பாடிமுடித்தார். கையேந்தாமல் உழைத்தே பெற்ற அப்பொருள், அவர் வாழ்வின் மாண்பைக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்: எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற சிறப்புகள்

1954 – பத்மபூசண்
1956 – சங்கீத நாடக அகாதெமி விருது
1968 – சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி (இச்சிறப்பைப் பெற்ற முதற்பெண்மணி)
1974 – மகசேசே விருது
1975 – பத்மவிபூசண்
1998 – பாரத ரத்னா (இவ்விருதைப் பெற்ற முதல் இசைக்கலைஞர்)
2016 – நூற்றாண்டையொட்டி ஐ.நா. அஞ்சல்தலை வெளியீடு

விடியலில் ஒலிப்பது

சுப்புலட்சுமி 2004 திசம்பர் 11ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். திரைநாயகியாக அவர் தோன்றியது ஏழே ஆண்டுகள். பாடகியாக வாழ்ந்தது எழுபது ஆண்டுகளுக்கும் மேல். 'சேவாசதனம்' இன்று காணக் கிடைப்பதில்லை. 'மீரா'வையும் தேடிப்பிடித்துக் காண்பவரே சிலர். ஆனால் அவ்வழியாக வந்த அழியாக்குரல் நாள்தோறும் கேட்கிறது.

அச்சங்குளத்திலோ அதை அடுத்த ஏதேனும் ஒரு சிற்றூரிலோ பாடும் ஆர்வமுள்ள ஒரு மாணவி இருக்கக்கூடும். பள்ளி ஆண்டுவிழா மேடையே அவருக்கு முதல் மேடையாகலாம். கைப்பேசியில் முகம் காட்டிப் பாடி ஒரே நாளில் பல்லாயிரம் பேரைச் சென்றடையும் வாய்ப்பு, சுப்புலட்சுமிக்குக் கிட்டாதது. இன்றைய மாணவிக்கு எளிதில் கிட்டுவது. அவ்வாய்ப்பு கிட்டியபின்னும், ஒலி அனைத்தையும் நிறுத்திவிட்டுத் தம் குரல் சுருதியில் நிற்கிறதா என்று தாமே கேட்டுப்பார்க்கும் பழக்கம் வேண்டும். மதுரைச் சிறுமி தம்புராவின்முன் தனியே அமர்ந்து கற்ற அப்பாடத்தை எக்கருவியும் கற்றுத்தராது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ குடும்பத்திலோ பாடும் மரபைக் காத்துவரும் பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பாடலைக் கற்றுக்கொண்ட முறையைக் கேட்டு எழுதுக.
2. பழைய தீப்பெட்டி முகப்புத்தாள்கள், நாட்காட்டிப் படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றில் இடம்பெற்ற உருவங்களை வகைப்படுத்தி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. 'கலைஞரின் வெற்றிக்குப் பெரிதும் துணைநிற்பது அவர்தம் உழைப்பே / உடனிருப்போரின் வழிகாட்டலே' – இருகுழுவாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

இலக்கணக் குறிப்பு

முகமும் குரலும் – எண்ணும்மை
வெண்திரை – பண்புத்தொகை
அழியாக்குரல் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
பாடிய பாடல் – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

நடித்தார் = நடி + த் + த் + ஆர்
நடி – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

பலவுள் தெரிக

1. எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர் வேடம் ஏற்ற திரைப்படம்
அ) சேவாசதனம் ஆ) சகுந்தலை இ) சாவித்திரி ஈ) மீரா

2. பின்வருவனவற்றுள் சரியான இணைகள்
1. சேவாசதனம் – கே. சுப்பிரமணியம் 2. மீரா – எல்லிஸ் ஆர். டங்கன் 3. எடின்பரோ கலைவிழா – 1974
அ) 1, 2 சரி ஆ) 2, 3 சரி இ) 1, 3 சரி ஈ) மூன்றும் சரி

குறுவினா

1. 1930களில் திரைப்படங்களுக்குப் பாடகரே மிகுதியாகத் தேவைப்பட்டமைக்குக் காரணம் யாது?
2. சுருதித்தூய்மைக்காகச் சுப்புலட்சுமி சிறுவயதில் மேற்கொண்ட பயிற்சி யாது?
3. 'கல்கி' இதழின் தோற்றத்திற்குச் சுப்புலட்சுமியின் பங்களிப்பைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. பின்னணிப் பாடல்முறையின் வருகைக்குப்பின் பெண்கலைஞர்கள் தேர்ந்த வெவ்வேறு பாதைகளை விளக்குக.
2. காந்தியடிகள் விரும்பிய பாடல் ஒலிப்பதிவான நிகழ்வையும் அதன் பின்விளைவையும் எழுதுக.
3. 'கையேந்தாமல் உழைத்தே பெற்ற பொருள்' – இடம்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. சுப்புலட்சுமியின் வாழ்வில் நடிப்பு நாடறியச் செய்தது. பாடல் நிலைபெறச் செய்தது என்னும் கருத்தைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.
2. தம் வாழ்வைத் தாமே முடிவுசெய்யும் உரிமை ஒரு பெண்கலைஞருக்கு எவ்வளவு கிட்டியது என்பதைப் பாடப்பகுதியின் துணைகொண்டு ஆராய்ந்து, உம் கருத்தைக் கட்டுரையாக எழுதுக.